ராத்திரிக்கு ஓர் ஆள்

"அம்மா, என் காதுல பூ சுத்தாதீங்க. தினம் ராத்திரி ஒருத்தி வந்து உங்க வீட்டுக்காரரைப் பார்த்துக்கறாளாம், இந்தத் தெருவுல ஒருத்தர் கண்ணுலயும் படமாட்டாளாம்!"

நைஜல் கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டான். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி நகரில் அரசாங்க வாடகை உதவி வாங்குகிறவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரிப்பது அவன் வேலை. இந்தப் பதினொரு வருஷத்தில் இல்லாத பிள்ளையை இருப்பதாகச் சொன்னவர்களையும், கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த புருஷனை ஓடிப்போய்விட்டான் என்றவர்களையும் அவன் பார்த்தாகிவிட்டது.

ப்ரெண்டா தேநீரை அவன் முன்னால் வைத்தாள். அறுபது வயதிருக்கும்.

"நான் ராத்திரி ஒன்பது மணிக்கு மீன் ஃபேக்டரிக்குக் கிளம்பிடறேன் தம்பி. அப்புறமா பெவர்லி வருவா. காலைல ஆறு மணிக்கு நான் வர்றதுக்குள்ள போயிடுவா. அந்நேரத்துக்குத் தெருவுல யார் முழிச்சிட்டிருக்காங்க?"

"அடேங்கப்பா, ரொம்ப வசதியா இருக்கே!"

விஷயம் இதுதான். வாடகை வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு படுக்கையறை என்பதுதான் கணக்கு. ராத்திரி தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்தால் மட்டும் இன்னொரு அறைக்கும் உதவி உண்டு. போன வருஷம் ப்ரெண்டாவுக்கு அது கிடைத்தது. இந்த வருஷம் அவள் அனுப்பிய மனுவில் அதே பெவர்லியின் பெயர் இருந்தது, ஆனால் பெவர்லியை அனுப்பிய பராமரிப்பு நிறுவனத்தின் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை.

"சம்பளம் வாங்காம வர்றாளா?"

"வாங்கறதில்ல. எங்க வீட்டுக்காரர் ரெக் மேல அவளுக்குப் பாசம்."

"அந்த அறையை எடுத்துட்டா என்ன செய்வீங்க?"

ப்ரெண்டாவின் முகம் சுருங்கிப்போனது. "இந்த வாடகை என்னால முடியாது. ஒரு அறை வீட்டுக்குத்தான் போகணும். பெவர்லி வேற எங்கயும் வரமாட்டா, இந்த வீட்டுக்குத்தான் வருவா. அவ இல்லாம நான் வேலைக்குப் போக முடியாது. இவரை ஏதாவது முதியோர் இல்லத்துல தள்ளிட்டு வரணும். முப்பத்தாறு வருஷம் என்கூட இருந்த மனுஷன், தம்பி."

நைஜலுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே, எழுந்து மாடிக்குப் போனான்.

ரெக் கட்டிலில் கிடந்தார். பக்கவாதம் வந்து பேச்சு போய் இரண்டு வருஷம் ஆயிற்று. தலை வாரி, முகம் மழித்து, பளிச்சென்று இருந்தார். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு முதுகில் ஒரு புண்கூட இல்லை என்று ப்ரெண்டா போர்வையை விலக்கிக் காட்டினாள். யாரோ ராத்திரி முழுக்கத் திருப்பித் திருப்பிப் படுக்கவைக்காமல் இது நடக்காது என்பது நைஜலுக்கும் தெரியும்.

"ஐயா, ராத்திரியில யாராவது வர்றாங்களா?"

"ஒரு விரல்னா ஆமா, ரெண்டு விரல்னா இல்ல" என்றாள் ப்ரெண்டா.

ரெக் ஒரு விரலைத் தூக்கினார்.

"உங்க சம்சாரம்தான் அப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

சட்டென்று இரண்டு விரல்.

பக்கத்து அறைதான் பெவர்லியுடையது. கதவைத் திறந்ததும் குளிர் எலும்புவரை ஏறியது. வெளியில் இதைவிடத் தேவலை.

"ஹீட்டர் போடறதில்லையா?"

"போட்டா அணைச்சுடறா. அவளுக்குச் சூடு ஆகறதில்ல."

சின்னக் கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது. மேசையில் பராமரிப்பு நோட்டு. எந்த ஆள் வந்தாலும் செய்ததையெல்லாம் அதில் எழுதிவைத்துவிட்டுப் போகவேண்டும். நைஜல் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். நேற்றைய தேதியில், பள்ளிக்கூட டீச்சர் எழுதியதுபோல அழகான கையெழுத்து. 'இரண்டு மணி. இடப்பக்கம் திருப்பினேன். நாலு ஸ்பூன் தண்ணீர் குடித்தார். நிம்மதியாகத் தூங்கினார்.'

"இங்க ரெண்டு வரி எழுதிக் காட்டுங்க" என்று ப்ரெண்டாவிடம் தன் பேனாவை நீட்டினான். மீன் வெட்டி வெட்டி மடங்கிப்போன விரல்களால் அவள் எழுதியது கோழி கிறுக்கியதுபோல இருந்தது. சத்தியமாக இவள் கை இல்லை.

அப்படியானால் பெவர்லி நிஜம்தான். நைஜலுக்கு உள்ளூர சந்தோஷம். "ஒரே ஒரு ஃபோன். அந்த நிறுவனத்துல 'ஆமா, இங்க வேலை பார்த்தவதான்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா உங்களுக்கு அறை நிச்சயம்மா" என்று சொல்லி நம்பரை அழுத்தினான்.

ப்ரெண்டா தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுமுனையில் ஒரு பெண் பேசினாள். நைஜல் பெவர்லியின் பெயரைச் சொன்னான். பதில் வந்தது. மாதத்தைத் திரும்பக் கேட்டான். ஃபோனைக் கீழே வைத்தான்.

"அம்மா..." என்று ப்ரெண்டா பக்கம் திரும்பினான். "பெவர்லி போன ஜனவரியில, ராத்திரி இந்த வீட்டுக்கு வர்ற வழியில, பனியில கார் சறுக்கி... செத்துப்போயிட்டாங்களாம்."

"தெரியும் தம்பி, சவப்பெட்டி மேல நான்தான் பூ வச்சேன்" என்றாள் ப்ரெண்டா. அவன் கையிலிருந்த மனுவை மெல்ல வாங்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "தினமும் வர்றாளான்னு கேட்டிருக்கு, வர்றா. ராத்திரி தங்கறாளான்னு கேட்டிருக்கு, தங்கறா. உயிரோட இருக்கணும்னு இதுல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு, காட்டுங்க?"