ரெங்கம்மா மாமி தொட்டுப் பார்த்த ஹீற்றர்

மாமி ஹீற்றரின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

பார்க்கட்டும். நன்றாகத் தொட்டுப் பார்க்கட்டும். நான் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கா பயம்?

ரெங்கம்மா மாமி என் மனைவி நிஷாந்தினியின் அம்மா. லுணுகலையிலிருந்து விடியக் கருக்கலில் புறப்பட்டு, இந்த வெலிமடைக் குளிருக்குள் வந்திருக்கிறார், ஹீற்றர் பார்க்க. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இப்படி உற்றுப் பார்க்கமாட்டார்கள்.

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். குளிர் படாமல் வைத்திருக்கச் சொல்லித்தான் பதுளை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே மாமி தாயையும் பிள்ளையையும் லுணுகலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தோட்டத்து லயத்தில் என் ஒற்றைக் காம்பராவில் சூடு இருந்தால்தான் பிள்ளை வரும் என்று கட்டளை. இரண்டு மாதமாகிறது. என் பிள்ளை என் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை.

ஹீற்றர் வாங்கத் தெரியாதவனா நான்? பெக்டரியில் தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு எட்டு வருடமாக விறகு போடுகிறவன். சூட்டைப் பற்றி எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டாம்.

டவுனில் பழைய சாமான் விற்கிற றவூப் நானா இரண்டு காட்டினார். ஒன்று காற்றாடி வைத்தது. போட்டதும் சுடும், நிறுத்தினால் ஆறிவிடும். மற்றது ஏதோ துரை பங்களாவில் கழித்துவிட்டது. உள்ளே முழுக்கக் கல். ராத்திரியில் கரண்டு மலிவான சீமையில் செய்ததாம். இரவெல்லாம் கல்லைச் சூடாக்கி வைத்துக்கொள்ளும், பகலெல்லாம் மெல்ல மெல்ல விடும்.

“நம்ம மீட்டருக்கு ராவும் பகலும் ஒரே ரேட்டுதான் தம்பி, இது எதுக்கு?” என்றார் நானா.

“கரண்டு வெட்டுல அந்தக் காத்தாடி பிள்ளையக் காப்பாத்துமா நானா?” என்றேன். இந்த வருடம் வெட்டு இல்லாத நாளே இல்லையே!

கல்லையெல்லாம் கழற்றி, இரண்டு நடையாக பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தேன்.

மாமிக்கும் இதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். சொல்லி முடிக்கவில்லை, பல்ப் அணைந்தது. வெட்டு.

மாமி என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு மறுபடியும் கையை வைத்தார்.

அதே சூடு.

“எப்புடி மாமி?” என்றேன்.

மாமி குனிந்து, கட்டிலுக்கு அடியில் எதையோ பார்த்தார். நிமிர்ந்து, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தார்.

“கல்ல நல்லா தொடச்சிட்டு உள்ள வைங்க மாப்பிள. சாம்பல் பிள்ள மூக்குல போகும்.”

மாமி பார்த்தது வெட்டிக் கிடந்த வயரை.

முதல் நாள் பிளக்கைக் குத்தியதும் பியூஸ் போய், லயத்தின் பன்னிரண்டு காம்பராவும் இருட்டாகிப் போனது. லயமே திரண்டு வந்து சத்தம் போட, என் கையாலேயே வயரை வெட்டினேன். அன்றிலிருந்து ராத்திரி வேலையில் கல்லை பெக்டரி அடுப்பில் போட்டு, விடிய இரும்பு வாளியில் தூக்கி வருகிறேன். இரவில் சூடாகிறது என்று மாமியிடம் சொன்னது பொய்யில்லை. கரண்டு என்றதுதான் பொய்.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்தேன்.

“நிஷாந்தினியும் பிள்ளையும் கீழ டிஸ்பென்சரியில காத்துக்கிட்டு இருக்காங்க. வேன்லதான் கூட்டிட்டு வந்தேன். மழை வர முந்திப் போய்க் கூட்டிட்டு வாங்க.”

ஓடினேன். அப்படியொரு ஓட்டம் என் ஆயுளில் ஓடியதில்லை.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, கட்டிலுக்கு அடியில் கிடந்த வெட்டுப்பட்ட வயரைக் காணோம். சுவரோரமாகச் செருகி, அதற்கு முன்னால் மாமி தன் பையை வைத்திருந்தார்.

நிஷாந்தினி ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஐயோ அம்மா, கரண்டு இல்லாமலே சுடுதே!”

“சீமைச் சாமான்டி,” என்றார் மாமி. “மாப்பிள பாத்துத்தான் வாங்கியிருக்காரு.”