அசையாதவளின் படம்

புகைப்படம் புதிதாக வந்திருந்த காலம். கொஞ்சம் அசைந்தாலும் முகம் கலங்கலாக விழும்.

"ஆடாம இரு, கண்ணு" என்று, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் கெஞ்சினார் படக்காரர்.

"சின்னவதான் ஒரு இடத்துல இருக்கமாட்டா" என்றார் அப்பா. "பெரியவளைப் பத்திக் கவலை வேணாம்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பி, இருட்டறையில் படத்தைக் கழுவிய படக்காரர் அதை மறுபடி உற்றுப் பார்த்தார். துறுதுறு தங்கை சிலைபோலத் தெளிவாக விழுந்திருந்தாள். அக்காவின் முகம்தான் கலங்கியிருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். தெருமுனையில் சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்களை மறித்தார்.

"கீழே இறக்குங்க! பொண்ணு சாகலை!"

"காய்ச்சல்ல போனவளை, கடைசியா ஒரு படம் எடுக்கத்தானேய்யா உங்களைக் கூப்பிட்டேன்..." அப்பாவின் குரல் உடைந்தது.

மூடிய பெட்டிக்குள்ளிருந்து மெல்ல ஓர் இருமல் கேட்டது.