காலிக் கட்டம்

“திமிங்கலத்தைத் தேடுங்க. பரீட்சை மாதிரிதான், ஒரு கட்டத்தைக்கூட காலியா விடக்கூடாது!” என்றார் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

பள்ளிக்கு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இந்த இணையதளம் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவர் அவர்தான். பிள்ளைகளுக்குப் பயன்படாவிட்டால் இன்றோடு நிறுத்திவிடுவதாகச் சொல்லி, தலைமை ஆசிரியரும் வந்து கடைசி கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார்.

“மிஸ், ஒண்ணும் வரல.”

“எழுத்துப்பிழை இருக்கும். பார்த்து அடி.”

“எனக்கும் வரல மிஸ்!”

முப்பது திரையிலும் ஒரே வரி: ‘முடிவுகள் இல்லை.’

“எனக்கும்தான்!” என்று எகிறினார் தலைமை ஆசிரியர். “ஒரு திமிங்கலம்கூட இல்லாம இது என்ன தளம்?”

டீச்சர் ஓடிப்போய் முன்வரிசைச் சிறுமியின் திரையைக் குனிந்து பார்த்தார். தலைப்பு: திமிங்கலம். சரி. அடுத்த கட்டம்: ஆசிரியர். அதில் டீச்சரின் பெயர், ‘மிஸ்’ சேர்த்து, ஒரு பிழையில்லாமல்.

“ஐயோ! இங்க ஆசிரியர்னா கட்டுரையை எழுதினவங்கம்மா!”

சிறுமி அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். “பரவாயில்ல மிஸ். நீங்க இன்னும் ஒண்ணும் எழுதலபோல.”

டீச்சர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தலைமை ஆசிரியர் அதே கட்டத்தை அவசர அவசரமாக அழித்துக்கொண்டிருந்தார். பெயருக்குப் பின்னாலிருந்த பட்டமெல்லாம் போய்விட்டது; அவருடைய சொந்தப் பெயர் மட்டும் பாக்கி.