பலகையின் நுனியில் நின்றவன்

போன வருஷம் எடுத்த ஆங்கிலக் கடற்கொள்ளையர் படத்தின் தமிழ் டப்பிங்கில் கஸ்பாருக்கு வாய்த்தது சாகிறவர்களின் குரல். கரீபியன் கடலில் வாள், பீரங்கி, தூக்குமரம் என்று காலையிலிருந்து பதினான்கு பேராகச் செத்திருந்தான். அடுத்தவன், கப்பல் விளிம்பில் நீட்டிய பலகையில் கைகள் கட்டப்பட்டு நிற்கும் கைதி. கடலில் தள்ளப்படும்முன் ஒருமுறை கேமராவைத் திரும்பிப் பார்ப்பான். "வெறும் அலறல்தான் சார். முடிச்சிட்டு டீ குடிக்கலாம்" என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்த சவுண்ட் இன்ஜினியர் நடேசன். கைதி திரும்பினான். கஸ்பார் மைக்கை விட்டுத் திரையருகே போனான். தாடிக்குள் இருந்தது அண்ணன் லூயிஸின் முகம். ஒன்பது வருஷத்துக்கு முன் சரக்குக் கப்பலிலிருந்து விழுந்து செத்துப்போனான் என்று தகவல் வந்து, காலிப் பெட்டியைப் புதைத்து, அம்மா இன்றுவரை மெழுகுவர்த்தி ஏற்றுகிற அண்ணன். கஸ்பாரை முதன்முதலாக மைக் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவனும் அவன்தான். "மறுபடி போடுங்க" என்றான் கஸ்பார். காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று பார்த்தே இருபது வருஷம் சோறு தின்றவன் கஸ்பார். கைதி அலறவில்லை, பேசினான். ஐந்தாம் முறை கஸ்பார் அந்த உதடுகளுக்குத் தன் குரலைக் கொடுத்தான். "ஏலே கஸ்பாரு, அம்மாட்ட சொல்லிராத." திரையில் பலகை காலியாக ஆடியது. நடேசன் ஹெட்போனைக் கழற்றினார். "பேப்பர்ல இந்த டயலாக்கே இல்லையே சார். ஆனா லிப்புக்கு அச்சு அசலா உக்காருது. வெச்சுக்கவா, அழிச்சிரவா?"