வால் வச்ச மனுஷன்

பெரிய ஃப்ரீசர் ஒண்ணுல, சுண்டுவிரல் தண்டி டியூப்புக்குள்ள ஒரு என்சைம் கெடந்துச்சு. மனுஷ ஈரல்ல சாராயத்தை முறிக்கிற ஜாதி அது. ஆனா பாவம், ஈரலையும் பாத்ததில்ல, ஒரு குடிகாரனையும் பாத்ததில்ல. ஆராய்ச்சிக்காகக் கிருமி வயித்துல வளத்து எடுத்த சரக்கு. டியூப் மேல மட்டும் 'மனுஷன்'னு ஒரு சீட்டு.

பெத்த கிருமியும் டியூப் சொருகற தட்டுல பக்கத்துக் குழியிலதான் உறைஞ்சு கெடந்துச்சு.

"குளுருதாடா மவனே?"

"மவனேங்காத. நான் மனுஷ வம்சம்."

"அப்ப பின்னாடி வால் எதுக்கு ராசா?"

வால் நெசந்தான். கிருமிகளைக் கரைச்ச கஞ்சியிலேர்ந்து என்சைமை மட்டும் புடிச்சு இழுக்கறதுக்குன்னு ஆராய்ச்சிக்காரங்க ஒட்டவச்சது. என்சைமுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"என் சனம் ஒருநாள் வந்து என்னைத் தூக்கும் பாரு. அந்தக் கைச்சூடு ஒருதரம் பட்டாப் போதும்."

ரெண்டு வருஷம் கழிச்சு கதவு தொறந்துச்சு. மெர்சின்னு ஒரு ஆராய்ச்சிக்காரப் பொண்ணு கைய நீட்டுனா.

"மெர்சி, வெறுங்கையால தொடாத! மனுஷக் கை பட்டா அது கெட்டுப்போயிடும்"னு பின்னாலேர்ந்து ஒரு கொரல்.

அவ கிளவுஸ் மாட்டுனா, ஐஸ்ல வச்சா, ஒரு சொட்டு உறிஞ்சுனா, திரும்ப அதே குழியில சொருகிட்டுப் போயிட்டா.

"சனத்தைப் பாத்தியா? கை சூடா இருந்துச்சா?"ன்னு கிருமி ஆசையாக் கேட்டுச்சு.

"தெரியல. கிளவுஸ் போட்டிருந்தாங்க."

கிருமி அன்னிக்கு வாலைச் சொல்லிக் கேலி பண்ணல. என்சைமே கேட்டுச்சு.

"ஏம்மா, ஒனக்குக் குளுருதா?"