தூக்கம் வந்தால் பாடுகிறவன்

"தூக்கம் வந்தா நீங்க பாடுவீங்க. அதான் வண்டியை விட்டுட்டு ஆபீஸ்ல வந்து அரை மணி படுங்கன்னேன். தப்பா?" டிரைவர்கள் 'மைக் மேடம்' என்று கூப்பிடும் கண்ட்ரோல் ரூம்காரி எகிறினாள்.

"நான் பாடவே இல்லை, மேடம். இதோட இந்த வாரம் மூணாவது தடவை. ஏன் என் பொழப்புல மண்ணைப் போடுறீங்க?" டாக்ஸிக்காரனும் விடவில்லை. குரல்தான் பெரிசு, உள்ளுக்குள் உதறல். ஒரே வாரத்தில் மூன்று முறை தூக்கக் கலக்கம் என்று எழுதிவிட்டால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. ரேடியோவுல பேசினதெல்லாம் பதிவாகியிருக்கு" என்ற மேனேஜர், மூன்று நாள் பதிவையும் ஓடவிட்டார். பாட்டு என்ன, ஒரு கொட்டாவிகூட இல்லை.

"நல்லாத் தூங்கிட்டு வர்ற மனுஷனை எதுக்கும்மா கூப்பிட்டு உட்கார வைக்கிறே?"

மைக் மேடம் தரையைப் பார்த்தாள்.

"போன மாசம் ஒரு நாள் நிஜமாவே பாடினார், சார். வரச் சொன்னேன். ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, டீ குடிக்கிற வரைக்கும் எங்கிட்டப் பேசிட்டிருந்தார். அதுக்கப்புறம் பாடவே மாட்டேங்கிறாரே."

டாக்ஸிக்காரனுக்கு உதறல் போன இடம் தெரியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா தினம் பாடியிருப்பேனே" என்றான்.

இரண்டே மாதத்தில் கல்யாணம். ஆபீஸுக்குப் பின்தெருவிலேயே குடித்தனம். புருஷனுக்குப் பெண்டாட்டியே ஓய்வு எழுதக்கூடாது என்று அவளை வேறு சீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

மைக் முன்னால் இப்போது ஒரு பெரிய மீசைக்காரர். அவர் காதில் இதுவரை ஒரு டிரைவரின் பாட்டும் விழவில்லையாம்.