அண்ணன் இளவரசனின் வசனம்

சாய்ந்த வெயில் தையல் மெஷின்மேல் விழுகிறது. தைக்கும் வேலையை நிறுத்திவிட்டு, பழைய ஆங்கில நாடகப் புத்தகம் ஒன்றை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள் அக்கா. எதிரே நிற்கும் தங்கைக்கு நாளை கல்லூரி மேடையில் தம்பி வேடம். ஒத்திகைக்கு அண்ணன் இளவரசனின் வசனத்தைச் சொல்ல வீட்டில் வேறு ஆளில்லை. "நாடகம் படிச்சா சோறு போடுமா?" என்று அக்கா கேட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனாலும் இன்று புத்தகத்தை நீட்டியதும் வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் விரல் ஒரு வரியில் நிற்கிறது.

"இதுக்கு என்னடி அர்த்தம்?"

"'உன் மனசு புரியாம பேசிட்டேன், மன்னிச்சிடு'ன்னு தம்பிகிட்ட சொல்றான்."

நூல்பிசிறு ஒட்டிய விரலை எடுக்காமலே அக்கா அதை மறுபடி வாசிக்கிறாள். பாதி வரியிலேயே அவள் கண் புத்தகத்தை விட்டுத் தங்கையின் முகத்துக்கு வந்துவிடுகிறது. மிச்சத்தை மெதுவாக, முகம் பார்த்தே சொல்லி முடிக்கிறாள். தங்கைக்கு அடுத்த வசனம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அக்காவின் முகத்தையே பார்த்து நிற்கிறாள். என்றோ இந்த வரியை எழுதிவைத்துப் போன அந்த முகம் தெரியாத மனிதரை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

"உன் முறைடி, சொல்லு."

"சரிக்கா," என்கிறாள் தங்கை, ஆங்கில வசனத்தை விட்டுத் தமிழிலேயே.